நான்கு மணிக் கெடு

துப்பறியும் ஆவுடையப்பன் நார்த்தாமலைச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டே கால். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டுச் சித்திரை வெயில், தன் கடமையில் எள்ளளவும் குறை வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் இறங்கிய உதவியாளன் கண்ணுசாமி, பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்!" என்றான். அவன் கண்டக்டர் வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பஸ்ஸின் உண்மையான கண்டக்டர் அவனை முறைத்தார். பஸ் புறப்பட்டுவிட்டது.

மூன்றாவதாக இறங்கியவன்தான் வழக்கைக் கொண்டுவந்தவன். பெயர் நாகராசு, வயது இருபத்தைந்து, புதுக்கோட்டையில் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் பதினொரு மைல் சைக்கிள் மிதித்து ஆவுடையப்பன் வீட்டுக் கதவைத் தட்டியவன், திரும்பும்போது சைக்கிளைப் பஸ்ஸின் தலையில் ஏற்றி வந்திருந்தான்.

"நாலு மணிக்குள்ள கண்டுபிடிச்சிருவீங்களாய்யா?" என்றான், கரடிக் குன்றின் படி போன்ற பாறைகளில் ஏறத் தொடங்கியதும்.

"எதைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க, தம்பி. பஸ் இரைச்சல்ல பாதிதான் காதுல விழுந்துச்சு."

"கூடாரங்கய்யா. ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு மூணு கூடாரம் வாங்கிட்டு வந்தேன். ரெண்டு இருக்கு. ஒண்ணைக் காணோம்."

அவன் சொன்னதன் சுருக்கம் இது. அவனுடைய தாய்மாமன் திருப்பதி, நில அளவைத் துறையில் முப்பத்தோராண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கோடையில் மலை ஏரிக்கரைகளில் கூடாரம் அடித்துத் தங்குவதாக அவர் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்தார். படித்த வாரத்திலேயே மனைவி, மகள், சமையற்காரர், மருமகன் ஆகியோரைத் திரட்டிக் குன்றின்மேல் ஏறிவிட்டார். அங்கே வற்றாத சுனை ஒன்று உண்டு. அதை ஏரி என்று சொன்னால் ஏரிகள் சற்றே சிரிக்கும். சுனை என்று சொன்னால் மற்றச் சுனைகள் பொறாமைப்படும்.

"காணாமப் போனது பொம்பளைங்க குளிக்கிறதுக்குக் கட்டுன கூடாரம்" என்றான் நாகராசு. "மேல கூரை கெடையாது, சுத்திவரக் கித்தான் மட்டுந்தான். காலையில ஆறு மணிக்கு அத்தை குளிக்கப் போனாங்க. பாத்தா நாலு கம்பு மட்டும் நிக்குது."

"கம்பு நிக்குதா?" ஆவுடையப்பனின் கால் நின்றது. "கயிறு?"

"சுத்தி மடிச்சுக் கம்புல மாட்டியிருந்துச்சு."

"கூடாரம் களவாடுறவன் கம்பை விட்டுட்டா போவான்? கயித்தை மடிச்சு வேற வச்சிருக்கான். ஒழுங்கான ஆளு."

"பஸ்ஸைத் திருடிட்டு டயரை நாலையும் தொடைச்சு வச்சுட்டுப் போன மாதிரி" என்றான் கண்ணுசாமி.

நாகராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒங்களுக்கு வெளையாட்டா இருக்குண்ணே. வைகாசியில எனக்கும் செவந்திக்கும் பரிசம் போடுறதா இருந்துச்சு. காலையில மாமா எல்லார் முன்னாடியும் கேட்டுப்புட்டாரு. கையெழுத்துப் போட்டு வாங்குன பொருளைக் காப்பாத்தத் தெரியாதவனுக்குப் பொண்ணைக் காப்பாத்தத் தெரியுமான்னு. நாலு மணிக்குள்ள கூடாரம் வரலைன்னா பரிசமும் இல்லை, ஒண்ணும் இல்லையாம்."

"பொண்ணு என்ன சொல்லுது?"

"'எப்பாடுபட்டாவது கண்டுபிடிங்க'ன்னு சொல்லித்தான் என்னைச் சைக்கிள்ல ஏத்திவிட்டா."

அதற்குப் பின் ஆவுடையப்பன் சற்று வேகமாக ஏறினார்.

சுனைக்கரையில் ஓர் இச்சி மரம். அதன் நிழலில் இரண்டு கூடாரங்கள். மரத்தின் அடிப்பகுதியில் ஒரு முழுத்தாள் ஆணியடித்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. நிழல் இவ்வளவு இருந்தும், முகாமின் தலைவர் திருப்பதி நட்ட நடுவெயிலில், தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"யாருடா இவுங்க?"

"துப்பறியிறவங்க, மாமா."

திருப்பதியின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, அடையாளம் காண்பதற்குள் போய்விட்டது. "அந்த அளவுக்குப் போயிட்டியா? ஒரு கித்தானுக்குத் துப்பறியிறவரா? தேவையே இல்லை. நாலு மணி வரைக்கும் பொறுக்கலாம்னு சொன்னேனா இல்லையா?"

"வந்தது வந்துட்டோம்" என்றார் ஆவுடையப்பன் பணிவாக. "வெயில்ல நிக்கிறீங்களே. கொடை கொண்டாரலையா?"

"கொடையா? வீட்டுல இருக்கு."

நாகராசுவின் புருவம் உயர்ந்தது. ஆவுடையப்பன் அதைக் கவனித்துக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார். தாளின் தலைப்பு, 'முகாம் விதிகள்'. முத்து முத்தான கையெழுத்து. இம்முகாமில் தங்கும் குடும்பத்தினர் எவரும் எவ்வித வேலையும் செய்யலாகாது என்றது முதல் விதி. இடையில் இருந்தவை அதன் விளக்கங்கள். ஏழாவது மட்டும் வேறு மையில், பிற்காலச் சேர்க்கையாக இருந்தது: 'வடகம், வற்றல், அப்பளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதும் வேலையாகவே கருதப்படும்.'

"ஏழாவது மட்டும் ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டார்.

பதில் சொன்னவள் கூடார வாசலில் நின்ற செவந்தி. "அது எங்க ஆத்தாவுக்காகப் போட்டதுங்க. வந்த அன்னிக்குச் சாயங்காலம் அங்கிட்டு மேல இருக்கிற பாறையைப் பாத்துட்டு, 'அம்மாடி, இதுல ஒரு வருஷத்து வடகத்தையும் ஒரே நாள்ல ஊத்திப்புடலாமே'ன்னாங்க. அவ்வளவுதான். அப்பா மையைத் தேடிட்டாரு."

அமிர்தவல்லி அம்மாள் கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா. நான் இந்த ரெண்டு நாளா இவுங்ககிட்ட எதையுமே சொல்லலை."

திருப்பதி சுனைத் தண்ணீரைப் பார்த்தார்.

அடுப்படி, மரத்துக்குச் சற்று அப்பால் இருந்தது. அங்கே போகும் வழியில் நாகராசு தாழ்ந்த குரலில், "கொடை வீட்டுல இல்லைங்கய்யா. நேத்துச் சாயங்காலம்கூடப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு" என்றான்.

"அவரு ராத்திரி எங்க படுத்தாரு?"

"வெக்கையில ஆம்பளைங்க எல்லாரும் வெளியிலதான் படுத்தோம். மாமா நாலு மணிக்கே எந்திரிச்சு நடக்கப் போயிருவாரு. இன்னிக்கு ஆறரைக்குத்தான் வந்தாரு. வந்தா இங்க ஒரே கூச்சல்."

சமையற்காரர் ராக்கன் சோற்றை வடித்துக்கொண்டிருந்தார். முகாமில் சட்டப்படி வேலை செய்ய உரிமை பெற்ற ஒரே மனிதர் அவர். அந்தப் பெருமை அவர் நடையில் தெரிந்தது. ஆவுடையப்பன் அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்.

"ஏங்க ராக்கன், இங்க காக்கா இல்லையா?"

"ஏன் இல்லை? மூணு நாளா என் உசிரை வாங்குச்சுங்க. கரண்டியைக் கீழ வைக்க முடியலை. இன்னிக்குக் காலையிலருந்து ஒண்ணைக் காணோம். எங்கிட்டுப் போச்சுங்களோ, புண்ணியமாப் போச்சு."

"சுடுசோறு இங்க இருக்கு. காக்கா இங்க இல்லை" என்றார் ஆவுடையப்பன்.

"இதைவிட நல்ல கிளப்புக்கடை எங்கயோ தெறந்திருக்குய்யா" என்றான் கண்ணுசாமி.

ஆவுடையப்பன் தம் உதவியாளனை மதிப்புடன் பார்த்தார். அவன் வேடிக்கையாகச் சொல்பவற்றில் பத்துக்கு ஒன்று உண்மையாக இருக்கும். எது அந்த ஒன்று என்பது அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அவரும் தொழிலில் இருந்தார்.

"ராக்கன், ஒங்க சாமான்ல எதுவும் கொறையுதா?"

ராக்கனின் பெருமை சற்று வடிந்தது. அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். "சொன்னா என்னைத்தான் பிடிப்பாங்கன்னு சொல்லலை. அரிசி மாவுல பாதியைக் காணோம். ஒரு குண்டானைக் காணோம். பெருங்காயமும் கொஞ்சம் கொறையுது."

"ஐயா!" என்றான் கண்ணுசாமி. "கித்தான், மாவு, குண்டான், பெருங்காயம், கொடை. திருடன் என்ன, கல்யாணமா பண்ணப் போறான்?"

"பட்டியல் சரியா இருக்கு. காக்காவையும் சேத்துக்க. இன்னொண்ணு கேக்கணும். இந்த ரோட்டுல நாலு மணிக்குப் பஸ் உண்டா?"

கண்ணுசாமி கண்ணை மூடினான். "ரெண்டரைக்கு ஒண்ணு, ஆறேகாலுக்கு ஒண்ணு. நாலுக்குக் கெடையாது. ரயிலும் கெடையாது."

"அப்புறம் எதுக்கு நாலு மணின்னு கெடு வச்சாரு?"

ஆவுடையப்பன் மேற்குப் பக்கமாக, செவந்தி குறிப்பிட்ட மேற்பாறையை நோக்கிக் கையை நீட்டினார். அதற்கு மேலே, நீல வானத்தில், கறுப்புப் புள்ளிகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

அரை மணி நேர ஏற்றம். பாறையின் விளிம்பில் தலையை நீட்டிய கண்ணுசாமி, பஸ்ஸை நிறுத்தும் பழைய குரலில், "ஓல்டான்!" என்று கத்தினான்.

பரந்த பாறையின் நடுவில், காணாமற்போன கித்தான் மடிப்பின்றி விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் வெள்ளை வெளேரென்று கூழ் வடகங்கள். பக்கத்தில் கல்லிடுக்கில் ஒரு கறுப்புக் குடை விரித்து நிறுத்தப்பட்டிருந்தது. ஏறத்தாழ நாற்பது காகங்கள், அந்தக் குடைக்கு அஞ்சிப் பத்தடி தள்ளி, கூட்டத்துக்கு அழைத்துவிட்டுத் தலைவர் வராத உறுப்பினர்களைப் போல் சினத்துடன் அமர்ந்திருந்தன. சற்றுத் தள்ளி மூன்று கல், சாம்பல், கழுவிக் கவிழ்த்த குண்டான்.

"முடிஞ்சுதுய்யா கேஸு!" கண்ணுசாமி துள்ளினான். "அந்த அம்மாதான். ஏழாம் விதி போட்டா கை சும்மா இருக்குமா? வெடியக்காலையில வந்து ஊத்திட்டு, கீழ போயி அவுங்களே கூச்சலும் போட்டுட்டாங்க. பலே அம்மா! என்ன செய்யிறது, பாவம், சொல்லித்தானே ஆகணும்?"

நாகராசு நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அத்தையா? சொன்னா மாமா அவுங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. வேணாங்கய்யா. நானே தொலைச்சேன்னு இருந்துட்டுப் போறேன்."

"பரிசம்?" என்றார் ஆவுடையப்பன்.

நாகராசு காகங்களைப் பார்த்தான். காகங்களில் ஒன்று அவனைப் பார்த்தது.

ஆவுடையப்பன் கித்தானின் அருகில் மண்டியிட்டார். ஒரு வடகத்தின்மேல் தம் உள்ளங்கையை விரித்து வைத்தார். கையைவிட வடகம் பெரியதாக இருந்தது. பிறகு நான்கு மூலைகளையும் பார்த்தார். பிறகு மேற்கே பாறை முகட்டையும், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். மிக மெதுவாக, அவருடைய மீசை சிரித்தது.

"கண்ணுசாமி, கீழ போயி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. விதி போட்டவரையும்."

எல்லாரும் வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. வழி நெடுகத் திருப்பதி மட்டும், அங்கே பாம்பு இருப்பதாகவும் பாறை வழுக்கும் என்றும் பெண்கள் ஏறுவது முறையன்று என்றும் எச்சரித்துக்கொண்டே வந்தார். எச்சரித்தவரின் கால்கள் தடுமாறாமல் வழியைத் தெரிந்து வைத்திருந்தன.

விளிம்பில் ஏறியதும் அமிர்தவல்லி கித்தானைப் பார்த்தாள். உடனே மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள்.

"நான்தான் ஊத்துனேன்" என்றாள் அமிர்தவல்லி.

"இல்லை, நான்தான்" என்றாள் செவந்தி.

"நீ சும்மா இருடி. நான்தான்."

"ஆத்தா பொய் சொல்லுதுங்க. நான்தான் ஊத்துனேன்!"

"ஒரு சீட்டுக்கு ரெண்டு டிக்கெட்டு!" என்றான் கண்ணுசாமி. திருப்பதி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் கிட்ட வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் ஆவுடையப்பன்.

அமிர்தவல்லி கிட்ட வந்தாள். குனிந்தாள். முப்பது ஆண்டுகளாக வடகம் ஊற்றிய கண்கள் அகன்றன.

"ஐயே! இது என்ன, தோசையா?"

"அதுதான் விஷயம்" என்றார் ஆவுடையப்பன். "வடகம் எண்ணெயில விழுந்தா எத்தனை மடங்கு விரியும்?"

"மூணு மடங்கு விரியுமே! இதைப் பொரிச்சா ஒவ்வொண்ணும் சொளகு அளவுக்கு வரும்!"

"ஊத்துன ஆளுக்கு அது தெரியாது. எலையில விழுந்த வடகம் எவ்வளவு பெருசோ, அதே அளவுல ஊத்தியிருக்காரு. அப்படின்னா அவரு வாழ்நாள் பூராவும் வடகத்தை எலையில மட்டும் பாத்தவரு. அதனால நீங்க இல்லை, ஒங்க மக இல்லை, ராக்கன் இல்லை. இன்னொண்ணு. கித்தான்ல ஊத்துனா உரியுமா?"

"உரியாதே! நைஞ்ச வேட்டியிலதானே ஊத்துவோம்!"

"சரி. இப்ப வரிசையைப் பாருங்க. ஒரு வரிசைக்குப் பன்னெண்டு. ஒண்ணுக்கொண்ணு ஒரு சாண். மயிரிழை கோணல் கெடையாது. நாலு மூலையிலயும் முக்கோணமாக் கல்லு நட்டிருக்கு. வடகத்துக்கு யாருங்க எல்லைக்கல்லு நடுவாங்க?"

கூட்டம் முழுவதும், காகங்கள் உட்பட, ஓய்வு பெற்ற நில அளவை அதிகாரியை நோக்கித் திரும்பியது.

"கெடு ஏன் நாலு மணி?" ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார். "நாலு மணிக்கு வெயில் அந்த முகட்டுக்குப் பின்னால போயிரும். அதுக்குள்ள காஞ்சிரும், நாமளே கித்தானைக் கண்டுபிடிச்ச மாதிரி கொண்டுபோயிப் போட்டுறலாம்னு கணக்கு. சரிதானுங்களா?"

திருப்பதி தலையிலிருந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, தோளில் போட்டார்.

"மூணு நாளு சும்மா ஒக்காந்து பாத்தேன்" என்றார். "சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு பத்திரிகையில போடலை. அது ஒரு பக்கம். அமிர்தம், அன்னிக்கு இந்தப் பாறையைப் பாத்தப்ப ஒன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? நகைக்கடையில கூட நீ அப்படிப் பாத்ததில்லை. நான் உடனே போயி ஏழாவது விதி எழுதிட்டேன். எழுதி மாட்டுன உத்தரவை நானே எப்படிக் கிழிக்கிறது? அதான், ஒனக்காக நானே ஊத்தி வச்சிரலாம்னு வந்தேன். காலையில கீழ வந்து சொல்லத்தான் நெனச்சேன். நீங்க எல்லாரும் திருடன் திருடன்னு கத்திக்கிட்டு நிக்கிறீங்க. அந்தக் கூட்டத்துல நின்னு, நான் வடகம் ஊத்துனேன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்கு அத்தானைப் பிடிச்சுக்கிட்டீங்களா?" செவந்தி அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "அவரு கையெழுத்துப் போட்ட பொருளை அவரு ஒண்ணும் தொலைக்கலை. எடுத்தது நீங்க. பொண்ணைக் காப்பாத்தத் தெரியுமான்னு கேட்டீங்களே, அந்தக் கேள்விக்கு இப்ப யாருப்பா பதில் சொல்றது?"

திருப்பதி அளந்து பழகிய கண்களால் நாகராசுவைப் பார்த்தார். அவனோ தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமிர்தவல்லி வடகத்திலிருந்து பார்வையை எடுத்துக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வடகத்துக்கு எத்தனை கரண்டி ஊத்துனீங்க?"

இரண்டு நாளில் அவள் கணவரிடம் பேசிய முதல் சொற்கள் அவை. திருப்பதி நிமிர்ந்தார். "மூணு. தலை தட்டி."

அவ்வளவுதான். அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடினாள், பயனில்லை. பாறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செவந்தி கோபத்தைக் காப்பாற்ற முயன்று தோற்றாள். ராக்கன் சிரித்தார். கண்ணுசாமி சிரிப்பதைக் கண்டு காகங்கள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிப் போயின.

நாகராசு மட்டும் கித்தானின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். ஒரு வடகத்தை நகத்தால் நெம்பினான். அது அசையவில்லை.

"சிரிச்சது போதும், அத்தை. அம்பதுக்கு மேல ஒட்டியிருக்கு. இப்படியே கொண்டுபோயி ஆபீஸ்ல குடுத்தா, கூடாரம் இல்லைன்னு சொல்றதைவிட மோசம். என் வேலை போயிரும்."

"போகாது" என்று அமிர்தவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பின்பக்கம் நல்லா நனைஞ்சா விட்டுரும். தெளிச்சுக்கிட்டு நிக்க நேரமில்லை. சொனைத் தண்ணியிலயே கெடத்துவோம். எல்லாரும் பிடிங்க."

ஆறு பேரும் ஒரு துப்பறியும் நிபுணரும் கித்தானைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குன்றில் இறங்கிய காட்சி, மாரியம்மன் தேரை ஒத்திருந்தது என்று பின்னாளில் கண்ணுசாமி சொல்வதுண்டு. அதில் அவன் ஓரளவே மிகைப்படுத்தினான். சுனையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் எல்லாரும் இறங்கினார்கள். அமிர்தவல்லி கட்டளையிட்டாள். தண்ணீர் தெறித்தது. முதல் வடகம் உரிந்து வந்தபோது ராக்கன் அதை இரு கைகளிலும் ஏந்திக் காட்ட, சுனையே ஆர்ப்பரித்தது.

திருப்பதி வேட்டியை மடித்துக் கட்டி, கித்தானின் ஒரு முனையைப் பிடித்திருந்தார். எதிர்முனையில் நாகராசு. இடையே வடகமும் தண்ணீரும். அவர் மூன்று முறை தொண்டையைச் செருமினார். முப்பத்தோராண்டுப் பணியில் ஓர் உத்தரவையும் திரும்பப் பெற்றறியாத மனிதருக்கு அதற்கான சொற்கள் எளிதில் கிடைக்கவில்லை. செவந்தி ஈரக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசியில் அவர் சொன்னார்:

"மாப்ளே, அந்த முனையைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க."

பிறந்த நாள் முதல் மாமா வாயால் 'டேய்' என்று மட்டுமே அழைக்கப்பட்டு வந்த நாகராசு, அதைக் கேட்டதும் பிடியை விட்டுவிட்டு, உடுத்த உடையோடு சுனைக்குள் உட்கார்ந்தான். தண்ணீரில் அடித்துக்கொண்டு போன முனையை, யாரும் சொல்லாமலே, செவந்தி எட்டிப் பிடித்துக்கொண்டாள்.